மச்சினன் கடைத் திரி

செடி விற்கிறவனின் யோக்கியதை, வாங்கியவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

பாளையங்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு நர்சரி இருந்தது. ஊர் முழுக்கப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆபீசும் என்பதால் வாத்தியார்களும் கிளார்க்குகளும் ஆசையாகச் செடி வாங்குவார்கள். மே மாதம் வந்தால் பூட்டைப் போட்டுவிட்டு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது செடி சருகாக நிற்கும். பழி என் தலையில் விழும்.

அதனால்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தானாகத் தண்ணீர் குடிக்கிற தொட்டிகளை விற்க ஆரம்பித்தேன். மேலே செடியும் மண்ணும் உள்ள தொட்டி, கீழே தண்ணீர் நிரப்பிய பேசின், மேல்தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீருக்குள் தொங்கும் ஒரு திரி. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணீரை இழுத்து வேருக்குக் கொடுக்கவேண்டும். வித்தை அவ்வளவுதான். எந்தத் திரி, எந்த மண் என்பதில்தான் என் நிம்மதி போயிற்று. எதிர்க்கடைக்காரன் நம்மைவிட நன்றாகத் தொழில் செய்வதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். அவன் சொந்த மச்சினனாகவும் இருந்துவிட்டால், நீங்களும் நானும் ஒரே வியாதிக்காரர்கள்.

பாவாடை நாடா

முதலில் நான் போட்ட திரி பாவாடை நாடா. டவுண் ரதவீதியில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பருத்தி நன்றாகத் தண்ணீர் குடிக்கும், நறுக்கிப் போட்டால் வேலை முடிந்தது. கஞ்சிப் பசை போக ஊறவைத்துவிட்டு நானே சோதித்துப் பார்த்தேன். ஒரே ராத்திரியில் மேல் மண் ஈரமாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர் மணி பிளாண்ட் வைத்த தொட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் பெங்களூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே கறுத்து, நாற்றமெடுத்து, பாதியில் அறுந்துபோன நாடா. தண்ணீருக்குள் கிடந்த பாகம் அழுகிவிட்டது. கீழே தண்ணீர் இருந்தும் மேலே செடி காய்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி, பாவாடையில கோத்தது வருஷக்கணக்கா உழைக்கு. உங்க தொட்டியில போட்டது ஒரு லீவுக்குத் தாங்கல."

எதிரே ஒரு கடை

அந்த வருஷம்தான் என் மனைவி பேச்சியம்மாளின் தம்பி இசக்கி பெங்களூரிலிருந்து வந்தான். அங்கே பெரிய நர்சரி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். என் கடைக்கு ஒரு கை கூடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவனோ, தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் அத்தான், எதிரிலேயே இடம் கிடைத்திருக்கிறது, ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்கும் என்றான். கடை திறந்த அன்று குத்துவிளக்கை ஏற்றியது என் மனைவிதான். என் கடை திறந்த அன்று அவளுக்குக் காய்ச்சல்.

இசக்கி யாரையும் கூப்பிட மாட்டான். குத்தவைத்துக் குனிந்து வேலை செய்துகொண்டே இருப்பான். போகிறவர்கள் தாமாக நின்று பார்ப்பார்கள். நான் வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிடுவேன், அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போவார்கள். அவனும் தானாகத் தண்ணீர் குடிக்கிற தொட்டிதான் விற்றான். அவன் தொட்டியில் வைத்த செடி எதுவும் சாகவில்லை என்று ஊரில் பேச்சு.

என்னிடமே ரோஜா வாங்கிப் பழகிய போஸ்டாபீஸ் கிளார்க் ஒருவர் ஒருநாள் அங்கே தொட்டி வாங்கிவிட்டு, நேராக என் கடைக்குள் வந்தார். முகத்தில் கூச்சம் துளிகூட இல்லை.

"உங்க வீட்டுக் கடைன்னுதான் அங்கன வாங்குனேன் அண்ணாச்சி. ஒரு சாக்கு இருந்தா கொடுங்க, சைக்கிள்ல வச்சுக் கட்டணும்."

நைலான் கயிறு

பருத்தி அழுகும், நைலான் அழுகாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இது எனக்குத் தோன்றியது. கை கழுவிய கையோடு கடைத்தெருவுக்குப் போய்த் துணி காயப்போடும் நீலக் கயிறு வாங்கிவந்தேன். இனி இசக்கியின் தொட்டியை யார் சீந்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் நறுக்கினேன்.

ஒரு ஆபீசின் ஹெட் கிளார்க் தன் அதிகாரியின் மேசைக்கென்று ஒன்று வாங்கிப்போனார். அதிகாரி வெளியூர் முகாமுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, கீழ்ப் பேசினில் கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்ததாம். அந்த வழவழப்பான கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே ஏறவில்லை. ஹெட் கிளார்க்குக்கு ஆபீசில் நல்ல பாட்டு கிடைத்திருக்கிறது. இப்போது அந்த மேசையில் இசக்கி கடைத் தொட்டி இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். பிறகு நீலக் கயிற்றை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கயிறு வாங்குன மாதிரியே இருக்கு அண்ணாச்சி. தண்ணியும் ஊத்துன மாதிரியே இருக்கு. செடியைத்தான் காணோம்."

ஆற்று வண்டல்

கோளாறு திரியில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்று அடுத்து முடிவு கட்டினேன். வெள்ளம் வடிந்த பிறகு தாமிரபரணிக் கரையில் படிந்திருக்கும் வண்டலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து நிரப்பினேன். திரிக்கு இந்த முறை ஸ்டவ் திரி. பெங்களூர்க்காரனுக்கு நம் ஆற்று மண்ணின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று பேச்சியம்மாளிடம் சொல்லவும் செய்தேன். அவனும் இதே ஆற்றில் குளித்து வளர்ந்தவன்தான் என்று அவள் ஞாபகப்படுத்தினாள்.

வண்டல் தண்ணீர் குடித்தது. குடித்ததை விடவே இல்லை. காற்றுப் போக வழியில்லாமல் மண் சேறாகி, வேர் அழுகிவிட்டது. திண்டாட வைத்தது ஒரு வக்கீல் வீட்டுக் குரோட்டன்ஸ். கட்சிக்காரர்கள் உட்காரும் இடத்தில் அழகாக இருக்கட்டும் என்று வாங்கியவர், ஆள் அனுப்பி என்னை வரச்சொல்லி, தொட்டிக்குள் விரலை விட்டுக் காட்டினார். விரல் முழுசும் உள்ளே போயிற்று.

"இதுல நாத்து பாவியிருந்தா இந்நேரம் கார் நெல்லு அறுப்பே முடிஞ்சிருக்கும்வே."

சாக்ஸ்

பெங்களூரிலிருந்து ஏதோ விசேஷமான திரி வரவழைக்கிறான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்சல் ஆபீசில்கூட விசாரித்துப் பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் வழக்கத்துக்கு முன்னால் சாப்பிடப் போனபோது, பேச்சியம்மாள் நடுவீட்டில் உட்கார்ந்து எங்கள் மகளின் கிழிந்த பள்ளிக்கூட சாக்ஸ்களைப் பட்டை பட்டையாக நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சாக்ஸ்களும் ஒரு குவியல் இருந்தன. யாருக்கு என்று கேட்டேன். இசக்கிக்கு என்றாள். கடை திறந்ததிலிருந்தே கொடுத்துவருகிறாளாம்.

அதுவும் நைலான்தான். முறுக்கேற்றிய கயிறாக இருந்தபோது தண்ணீரைத் தொடாத அதே நைலான், நூலாகப் பின்னியிருக்கும்போது சொட்டுச் சொட்டாக உறிஞ்சுகிறது, அழுகவும் இல்லை. இந்த ஊரில் கிழிந்த சாக்ஸ் இல்லாத வீடு எது? இசக்கிமேல்கூட எனக்கு அன்று பொறாமை வரவில்லை. என் சோற்றை ஆக்கிப்போடுகிறவள், என் மகள் போட்டுக் கழித்த சாக்ஸை அவனுக்குக் கொடுத்துக்கொண்டு, நான் நாடாவோடும் கயிற்றோடும் அல்லாடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறாளே என்றுதான் நெஞ்சு எரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"அவன்ட்ட நீங்க ஒரு நாளாவது கேட்டியளா? கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான்."

நார்த்தூள்

சாக்ஸைத் தொடுவதில்லை என்று வீம்பு. மண்ணிலாவது அவனை முந்தவேண்டும் என்று கயிறு திரிக்கிற ஆலையிலிருந்து தேங்காய் நார்த்தூள் தருவித்தேன். லேசாக இருக்கும், ஈரமும் பிடிக்கும், காற்றும் போகும். மூட்டைகள் இறங்கியதைப் பார்த்து இசக்கி சாலையைக் கடந்து வந்தான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். உப்பு இருக்கிறது அத்தான், நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசிவிட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் தலையை ஆட்டினேன். அவன் போனதும் அலசாமலே நிரப்பினேன். அலசினால் அது அவன் யோசனை ஆகிவிடும்.

பெண்கள் விடுதி வார்டன் ஒருவர் வராந்தாவுக்கு வரிசையாக வைக்க வாங்கிப்போனார். கொஞ்ச நாளில் இலை நுனியெல்லாம் பழுப்பாகிச் சுருண்டது. அவர் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டுவந்து என் முன்னால் பிடித்தார்.

"வெயில்லயும் வைக்கல, தண்ணியும் குறையல. யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல அண்ணாச்சி, தீஞ்சு போச்சு."

காளி வேஷக்காரரின் துளசி

சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் வருஷாவருஷம் குலசைக் கோயில் தசராவுக்கு விரதமிருந்து காளி வேஷம் கட்டுவார். மாலை போட்டுவிட்டால் வீட்டில் தங்க மாட்டார். வேஷம் கட்டுகிற குழுவோடு குடிசை போட்டுத் தங்கி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார். அந்த வருஷம் அவர் மனைவியும் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் ஒரு துளசி. விரதத்தில் இருக்கும்போது துளசி வாடினால் தன் விரதத்தில் குற்றம் என்று அர்த்தமாகிவிடும் என்று அவருக்குக் கவலை. இசக்கியிடம் தொட்டி தீர்ந்துபோயிருந்தது. அவனே அவரை என்னிடம் கூட்டிவந்து, அத்தான் நல்லா பண்ணிக்கொடுப்பாங்க என்று சொல்லிவிட்டுப் போனான். முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குரோட்டன்ஸ் செத்தால் வசவோடு போய்விடும். இது அப்படி இல்லை. பயம் வந்துவிட்டது. பேச்சியம்மாளின் குவியலில் கைவைக்க மனசு வராமல், டவுணுக்குப் பஸ் ஏறிப் புது சாக்ஸ் வாங்கினேன். எந்த வகுப்புப் பிள்ளைக்கு என்று கடைக்காரர் கேட்டபோது காசை எண்ணிக் கொடுத்தேன். நார்த்தூளைத் தண்ணீர் தெளிவாக வருகிறவரை அலசினேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். தசரா நாட்களில் அவர் தெரு வழியாகவே சைக்கிளில் போய்ச் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பேன். துளசி வாடவில்லை. ஒருநாள் கதிர் விட்டிருந்தது. சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

தசராக் கடைசி நாள் சூரசம்ஹாரம் முடிந்து மாலையைக் கழற்றிவிட்டு அவர் என் கடைக்கு வந்தார். காதுமடலில் இன்னும் சாயம் ஒட்டியிருந்தது. குங்குமம் கொடுத்தார். என் வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு தொட்டிக்குப் பாராட்டு வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"துளசி தளதளன்னு நிக்கி அண்ணாச்சி. இசக்கி கையைக் காட்டுன இடம்லா, பின்ன எப்படித் தப்பும்?"

மஸ்கட்

சில வருஷத்தில் இசக்கிக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் தோட்ட வேலை கிடைத்தது. கடையைக் காலிசெய்தான். கிளம்புகிற அன்று, துவைத்து நறுக்கிய சாக்ஸ் நிரம்பிய சாக்கு ஒன்றை என் கடைக்குள் கொண்டுவந்து வைத்து, உங்களுக்குத்தான் அத்தான் என்றான். நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாள் அழுத அழுகையைப் பார்த்தேன். நான் டைபாய்டில் கிடந்தபோது அவள் அப்படி அழவில்லை. அவன் கையை அசைத்துக்கொண்டே போனான். பஸ் திரும்புகிறவரை நானும் அசைத்தேன், அது என்னவோ நிஜமாகத்தான் அசைத்தேன்.

மறுநாள் காலையில் எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்தது. சாலை முழுக்க எனக்கே சொந்தம் போல இருந்தது. நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் அம்மா ஒருவர் வந்து தொட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார், திரியை இழுத்துப் பார்த்தார், நார்த்தூளை முகர்ந்து பார்த்தார். எதிலும் நம்பிக்கை வரவில்லை. எதிரே இசக்கி கடையில் நல்ல தொட்டி கிடைக்கும் என்று பேங்கில் சொன்னார்களே, அது எப்போது திறக்கும் என்று கேட்டார். இனித் திறக்காது, அவன் என் மச்சினன்தான், வெளிநாடு போய்விட்டான் என்றேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு தொட்டியைக் கட்டச் சொன்னார்.

"நீங்கதான் இசக்கி அத்தானா? அத முதல்லயே போர்டுல எழுதிப் போட்டிருக்கலாம்லா."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது, தண்ணீர் மேலே ஏற நல்ல திரியும் அலசிய நார்த்தூளும் வேண்டும், வயிற்றெரிச்சல் ஏறுவதற்கோ எதிரே பூட்டிக் கிடக்கும் ஒரு கடையே போதும்.