தேர்ச்சி பெற்றவள்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் லாண்டரி அது. பெரியவள் அங்கே பதினோரு வருடமாக நிற்கிறாள். அவளுடைய கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவள் அதே மேஜையின் எதிர்ப்பக்கத்தில் நான்கு வருடமாக நிற்கிறாள். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே சம்பளம். கடைசியாகச் சொன்னதுதான் பெரியவளின் வயிற்றெரிச்சல்.

தேய்த்த விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடிக்க வேண்டும். பெரியவள் வேண்டுமென்றே வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுவாள். சின்னவள் தடுமாறி மேஜைமேல் வந்து விழுவாள்.

"அக்கா, துணிய இழுக்கிறீங்களா, என்னைய இழுக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். அந்தச் சிரிப்பும் பெரியவளுக்கு ஆகாது. சின்னவள் புதுச் செருப்பு வாங்கி வந்தால், "நமக்கெல்லாம் கால் இருக்கா என்ன!" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அந்த வருடம் அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. லாண்டரிக் கடிகாரத்துக்குக் கீழே அறிவிப்பை ஒட்டினார்கள். உதவியாளுக்கு ஒரு கூலி; தேர்ச்சி பெற்றவருக்கு அதைவிடக் கூடுதல். உதவியாளுக்குப் போட்டிருந்ததே இருவரும் அதுவரை வாங்கியதைவிட அதிகம்தான். பெரியவளின் கண் அங்கே நிற்கவில்லை, 'தேர்ச்சி' என்ற சொல்லில் போய் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் பதிவேட்டோடு வந்தார். "ரெண்டு பேரையும் உதவியாள்னு போட்டுடவா?"

"அதெப்படி சார்? நான் மடிச்சா மூலைக்கு மூலை பொருந்தும். இவ மடிச்சா விரிப்புக்குள்ள யாரோ படுத்திருக்கிற மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும். என்னையத் தேர்ச்சின்னு எழுதுங்க. இவ உதவியாளாவே இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"பதினோரு வருஷம் நின்னுக்கிட்டே யோசிச்சாச்சு சார்."

இரண்டு மாதம் பெரியவளின் நடையே வேறாக இருந்தது. மூன்றாம் மாதம், வெளுப்புக்குக் கூடுதல் விலை தர முடியாது என்று விடுதிக்காரர்கள் கையை விரித்தார்கள். முதலாளி ஆள் குறைத்தார். கூலி அதிகம் வாங்குகிறவர்களிடமிருந்து ஆரம்பித்தார்.

"என் வேலைய யார் சார் பாப்பாங்க?"

மேனேஜர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

அதன்பிறகு பெரியவள் ஏறி இறங்காத லாண்டரி இல்லை. "கூலி ஏறினதுல இருக்கிற ஆளையே வச்சுக்க முடியலம்மா" என்பதே எல்லா வாசலிலும் கிடைத்த பதில். சின்னவளோ இருவர் பார்த்த மேஜையைத் தனியாகப் பார்த்துவிட்டுத் தோள் வீங்கி வந்து உட்காருவாள். கொழுந்தன் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பான்.

"வீங்கறதுக்காவது உனக்கு ஒரு இடம் இருக்கு" என்பாள் பெரியவள்.

ஒரு சாயங்காலம் சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அக்கா, துணி மலையா தேங்கிப்போச்சு. ஒரு ஆள் எடுக்கிறாங்க. உங்களத்தான் சொல்லியிருக்கேன். ஆனா உதவியாளாத்தான் எடுப்பாங்களாம்."

"உனக்குக் கீழயா?"

"எனக்கு எதிர்ல. பழைய இடத்துலயே."

பெரியவள் மெல்லக் கேட்டாள். "உன்ன இன்னும் தேர்ச்சின்னு மாத்தலையா?"

"மாத்தவான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"உங்களப் பாத்துதான்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. தான் விழுந்த பள்ளத்தைக்கூட இவள் தனக்கு வழியாக்கிக்கொண்டாளே!

மறுநாள் மேனேஜர் பதிவேட்டைத் திறந்தார். "என்னன்னு எழுதட்டும்?"

அவருக்கு மட்டும் கேட்கும்படி பெரியவள் சொன்னாள்: "உதவியாள்."

முதல் விரிப்பு வந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். பழைய பழக்கத்தில் பெரியவள் வெடுக்கென்று சுண்டினாள். சின்னவள் அசையவில்லை. ஆறு மாதம் தனியாக இழுத்த தோள், நட்ட கல்லாக நின்றது. பெரியவள்தான் ஒரு அடி முன்னால் போனாள்.

"பாத்து அக்கா" என்றாள் சின்னவள்.

இருவருக்கும் மறுபடியும் ஒரே சம்பளம். பெரியவளின் கண் இப்போது அந்தத் தோள்மேல் இருந்தது.