வெள்ளைப் புடவையும் அரசமரத்து நூலும்

திண்டிவனத்துப் பூங்காவில் காலை நடப்போர் சங்கத்திற்கு நான் தலைவன். கேட்டு வாங்கிய பதவியன்று. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதற்காக அவர்களாகவே தந்தது. கசங்கிய சட்டையோடு என்னை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. உரத்த குரலையும் கேட்டதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று சங்கத்தின் துணைத்தலைவர் என்னை வாயிலிலேயே மறித்தார். விழுப்புரத்தில் அரசு அலுவலகமொன்றில் மேலாளராக இருந்தவர்.

"இன்னா சார் அக்கிரமம் இது? பார்க்குல கருமாதி பண்ணிக்கினு இருக்கானுங்க. வந்து கேளுங்க. தலைவரு கேட்டாத்தான் மரியாதை."

அரசமரத்தடியில் பாய் விரித்துச் சிலர் அமர்ந்திருந்தனர். எல்லோரும் வெள்ளை உடை. மொட்டைத் தலையோடு காவி போர்த்திய ஒருவர், எனக்கு விளங்காத மொழியில் ஓதிக்கொண்டிருந்தார். மரத்தில் கட்டிய வெள்ளை நூல் ஒவ்வொருவர் விரலிலும் ஓடி, நடைபாதையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புற சிமென்ட் பெஞ்சில் இருந்த முதியவர்களின் கைவரை போயிருந்தது. நானும் அதற்குமுன் கண்டிராத சடங்குதான். ஆனால் வெள்ளைப் புடவை கட்டிய அந்தப் பெண்ணின் தலை நிறைய மல்லிகை இருந்தது. கருமாதியில் யார் பூச்சூடுவார்கள்? மேலாளராக இருந்தவரின் கண்ணுக்கு மொட்டையும் வெள்ளையும் மட்டுமே தெரிந்திருக்கின்றன.

ஓரமாக நின்ற அம்மாளிடம் கேட்டேன். பெண்ணின் தாய்.

"கல்யாணங்க ஐயா. நாங்க புத்தர் வழிக்கு வந்துட்டோம். இந்த நூலு எல்லார் கையிலயும் போயி வந்தப்புறம் பொண்ணு மாப்ள கையில கட்டுவாங்க. நடுவுல அறக்கூடாது. மண்டபம் பேசி வெச்சிருந்தோம். வெள்ளப் பொடவன்னதும் மண்டபத்துக்கு ஆவாது, வேற எடம் பாருன்னுட்டாங்க. கொஞ்ச நேரங்க. முடிச்சிக்கினு போய்டறோம்."

துணைத்தலைவரிடம் திரும்பி வந்து சொன்னேன்.

"கல்யாணமா? வெள்ளப் பொடவைலயா? பாக்கவே அபசகுனமா கீது சார். வாட்ச்மேன வரச்சொல்லி அந்த நூல அறுத்து வுடச் சொல்றேன். நாம எப்டி நடக்கிறது?"

அந்தத் தாயின் காதில் விழும்படியே சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சென்ற மாதம் இதே மரத்தடியில் துணைத்தலைவர் நடத்திய யாகத்தின் புகையில் இருமிக்கொண்டே நாங்கள் நடந்தோம். அன்று பாதையை மறித்ததாக யாரும் முறையிடவில்லை.

"என் மனைவி மாதா கோயில்ல வெள்ளப் பொடவ கட்டித்தான் என் பக்கத்துல நின்னாங்க. அதுவும் அபசகுனமா?" என்றேன்.

"ஐயய்யோ, உங்கள சொல்வனா சார்? நீங்க கௌரவமான குடும்பம். இவனுங்க காலனி ஆளுங்க. மூஞ்சப் பாத்தாலே தெரியல?"

ஆண்டுக்கணக்கில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தவர் அவர். நான் எந்தத் தெருவில் பிறந்தேன் என்று கேட்டதில்லை. அறிவிக்க வேண்டிய கடமை எனக்கும் இல்லை. அன்று பூங்கா முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

"நானும் காலனிதான்யா. கண்டமங்கலம் பக்கம். எங்க, என் மூஞ்சில காட்டு பாப்போம்!"

நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.  துணைத்தலைவர் கைபேசியை எடுத்துக் காவலாளியை அழைத்தார். நான் நேராகப் போய் அந்தப் பெஞ்சில் அமர்ந்து நூலைப் பிடித்தேன். காவலாளி செடி வெட்டும் கத்தரியோடு வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தலைவரே புட்ச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்காரு. நான் இன்னாத்த சார் அறுக்கறது?"

பாயில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூலை இறுக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்திலிருந்த முதியவர் என் விரல்களைப் பார்த்தார்.

"லேசா புடிங்க சார். கத்தரிக்குத் தப்பிச்ச நூலு, உங்க கோவத்துல அந்துடப் போவுது."

விரல்களைத் தளர்த்தினேன். நூல் அறாமல் மரத்தடிக்குத் திரும்பி, மணமக்களின் மணிக்கட்டில் ஏறியது. அதுவரை துணைத்தலைவர் புல்தரையில் இறங்கி, எங்களைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தார்.

அவர் இப்போது எனக்கு வணக்கம் வைப்பதில்லை. தலைவர் பதவியை நான் விட்டுவிடுவேன் என்று சங்கத்தில் பேச்சு. விடமாட்டேன். விட்டால் அவருக்கு வசதியாகப் போய்விடும்.