டம்ளரில் ஒரு சொட்டு பிரேக் ஆயில்

என் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை சுற்றியிருக்கும். பழைய டியூபிலிருந்து விரல் அகலத்துக்கு வெட்டியது. பார்க்கிறவர்கள் ஏதோ கிழிசலை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதைக் கட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். இரவில் வண்டியை நிறுத்தும்போது பிரேக் லீவரை இழுத்து இந்தப் பட்டையால் கட்டிவைக்க வேண்டும், காலையில் அவிழ்த்து அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். "ராத்திரியில அது என்னா பண்ணுச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்பார். பிரேக்கைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாமா பெங்களூரில், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், வந்து இறங்கும் உதிரிபாகங்களைச் சோதித்து உள்ளே விடுகிற வேலையில் இருந்தார். வேலை அவரை அப்படி ஆக்கியதா, அவர் குணத்துக்கு ஏற்ற வேலை வந்து வாய்த்ததா, தெரியாது. தேங்காய்க் கடைக்காரர் தானாக நல்ல காய் எடுத்துக் கொடுத்தால் அதை மட்டும் வாங்க மாட்டார். காக்ஸ் டவுனில் அவர்கள் வீட்டில் தங்கி நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாமதமாக வந்தால் திட்ட மாட்டார். பஸ் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கைமாறி வந்த ஒரு மவுண்டன் பைக்கை வாங்க நான் கிளம்பியபோதும் கூப்பிடாமலேயே கூட வந்தார். கம்பி இழுத்து நிற்கிற பிரேக் இல்லை, ஆயில் அழுத்தத்தில் பிடிக்கிற பிரேக். விற்றவன் லீவரைப் படபடவென்று அழுத்திக் காட்டினான். கல் மாதிரி நின்றது. மாமா ஒற்றை விரலை வைத்து லேசாக அழுத்தியபடியே, மழை, வாடகை என்று அவனிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். பேசப் பேச லீவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. உள்ளே தேய்ந்துபோயிருந்தது. "படபடன்னு அமுக்கினா எல்லாம் கெட்டியாத்தான் தெரியும். லேசா அமுக்கிட்டு வெயிட் பண்ணணும்," என்றார். இரண்டு லீவரையும் மாற்றிக்கொள்வது என்ற முடிவோடு வாங்கினோம்.

மாற்றித்தர முன்வந்தவன் என்னோடு வேலை பார்த்தவன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. லீவர் மாட்டுகிற சாக்கில் வந்து மாமாவின் மனதில் இடம்பிடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தான். பழையதைக் கழற்றினான், புதியதை மாட்டிக் குழாயை இணைத்தான், ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினான். அக்கா பிரியாணி செய்திருந்தாள். மாமா அவனிடம் குலம் கோத்திரம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்த ஆயில் ஊத்தினீங்க தம்பி?"

"இந்த பிரேக்குக்குன்னே விக்கிறதுதான் சார். சைக்கிள் கடையில வாங்கினேன்."

அவன் போனதும் மாமா குப்பைக்கூடையைக் கிளறினார். "பாட்டிலைக் காணோமே? காலி பாட்டிலை எவனாவது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவானா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா விடவில்லை. மோட்டார் சைக்கிளுக்கான பிரேக் ஆயிலை இந்த வண்டிக்கு ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் உப்பி, கொஞ்ச நாளில் பிரேக் பிடிக்காமல் போகும். அந்த ஆயில் தண்ணீரில் கலந்துவிடும். எங்கள் வண்டிக்கு உரியது சமையல் எண்ணெய் போல மிதக்கும். இதை போனில் ஏதோ வீடியோவில் பார்த்தவர், வீடியோக்காரனையும் நம்பாமல் கடையிலிருந்து இரண்டு ஆயிலையும் வாங்கிவந்து முதலில் சோதித்துக்கொண்டார். பிறகு லீவரின் திருகைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டார். சொட்டு இறங்கிக் கலந்து காணாமல் போயிற்று. அடுத்த ஞாயிறு அதே வண்டியில் நான் நந்தி மலையிலிருந்து இறங்குவதாக இருந்தது.

"தப்பா ஊத்தினது ஹோகலி பிடு, போகட்டும், யாருக்கும் வரும். கேட்டப்போ என்னா சொன்னான் பாரு. அதை நம்பி மலை எறங்கப் போறவ நீ," என்றார் மாமா.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, மாமாமேல்தான் வந்தது. அந்த முகத்துக்கு முன்னால் யாருக்குத்தான் உண்மை வாயில் வரும்? மறுநாள் கேன்டீனில் நானே கேட்டேன். டம்ளரைப் பற்றி மூச்சு விடவில்லை. "ஆயில் மாறியிருந்தா சொல்லு, ஒண்ணும் இல்ல, மாத்திக்கலாம்," என்றேன். "உங்க மாமா கிளப்பிவிட்டாரா? சரியான ஆயில்தான். என்னை நம்ப மாட்டியா?" என்றான். நான் காத்திருந்தேன். அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே, மலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டான்.

அன்றோடு முடிந்தது. நிறைய அழுதேன். மாமாவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சந்தேகப்பட்டதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன், அது சரியாகப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. லீவர்களை மறுபடி மாற்றி, கைப்பிடியில் இந்தப் பட்டையைக் கட்டிவிட்டார்.

மாமா இப்போது இல்லை. அந்த லீவர்களும் தேய்ந்துவிட்டன. சென்ற வாரம் என் கணவர் புதியது மாட்டினார். இந்தக் கதை அவருக்குத் தெரியும். இரவு அவரே லீவரை இழுத்துப் பட்டையால் கட்டி, ஆயில் பாட்டிலை லேபிள் தெரிகிற மாதிரி ஜன்னலில் வைத்திருந்தார். அப்படி வைத்திருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. காலையில் பட்டையை அவிழ்த்தேன். ஒற்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தேன். லீவர் இறங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஓசைப்படாமல் திருகைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து டம்ளரில் விட்டேன்.

"மிதக்குதா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மிதக்குது," என்றேன்.

திருகை மூடிவிட்டுப் பட்டையைப் பழையபடி கைப்பிடியில் சுற்றினேன். அவர் காபியைக் கொண்டுவந்து நீட்டினார். சர்க்கரை போட்டாயிற்றா என்று கேட்காமலேயே வாங்கிக் குடித்தேன்.