ரோஸ்லின் கேட்ட திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை லிங்கராஜபுரத்திலிருந்து ரோஸ்லினின் மகள் ஷீலா அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. தூக்கத்திலயே." பிறகு, "நீங்க அஞ்சலி எழுதுவீங்கன்னு தெரியும். சும்னே, வெறும் 'டார்க் ரூம் ஊழியர்'னு போட்டுடாதீங்க. அம்மா எழுந்து வந்து சண்டை போடுவாங்க" என்றாள்.

போட மாட்டேன். ரோஸ்லின் எங்கள் பத்திரிகையின் இருட்டறையில் ஓய்வுபெறும்வரை ஃபிலிம் கழுவியவர். இந்த ஊரில் 'சந்தானம் முறை' என்று சொல்லப்படும் கழுவும் முறையைக் கண்டுபிடித்தவர். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தது போதும்.

சந்தானம் எங்கள் தலைமைப் புகைப்படக்காரர். மர்பி டவுனில் குடிநீர் கேட்டுப் பெண்கள் மறியல் செய்த அன்று அவர் படம் எடுத்தார், நான் செய்தி எடுத்தேன். உச்சி வெயில். அப்படிப்பட்ட வெயிலில் எடுத்தால் வெள்ளைத் துணி கண் கூசும்படி வெளுத்துவிடும், முகம் கரியாகும். ஆசிரியர் குழுவுக்கு அது பழகிப்போன கேலி. ரோஸ்லினுக்கு அது கேலி இல்லை. "நம்ம ஆளுங்க முகம் என்ன மையா, பேப்பர்ல அப்பிட்டு வர்றதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃபிலிமைக் கொஞ்ச நேரமே, படத்தை எழுப்பும் மருந்தில் வைத்தார். பிறகு சலவை சோடா கரைத்த தண்ணீரில், ஆட்டாமல் விட்டார். வெளிச்சமான இடங்கள் தாங்கள் உறிஞ்சியிருந்த மருந்தைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு நின்றுவிடும்; முகங்கள் நிதானமாக எழுந்து வரும். ஆனால் ஆடாத தண்ணீரில் தீர்ந்த மருந்து கீழ்நோக்கி வழிந்து படத்தில் கோடு இழுக்கும். அதற்காக ரோஸ்லின் பாதியில், இருட்டிலேயே தடவி, சுருளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். மறுநாள் படத்தில் பிளாஸ்டிக் குடத்தின் பளபளப்பும் தெரிந்தது, அதைப் பிடித்திருந்தவளின் கோபமும் தெரிந்தது.

பின்னாளில் எங்கள் ஞாயிறு இணைப்பில் சந்தானத்தின் பேட்டி வந்தது. 'நான் உருவாக்கிய முறை' என்று அதை விவரித்திருந்தார். ரோஸ்லின் நேராக அவரிடம் போனார். "நம்ம டிபார்ட்மென்ட் எல்லாம் ஒண்ணுதானே, ரோஸ்லின்" என்று அவர் சிரித்தார். "அப்போ நாளைக்கு உங்க போட்டோ கீழ என் பேரைப் போடுங்க சார்" என்றார் ரோஸ்லின். சிரிப்பு நின்றுவிட்டது.

அங்கிருந்து என் மேசைக்கு வந்தார். "ரிப்போர்ட்டரே, திருத்தம் எழுது. நான் சொல்றேன்." அவர் சொல்லச் சொல்ல எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். உள்ளே நடப்பதற்கெல்லாம் திருத்தம் போட்டால் பேப்பரில் வேறு என்ன போடுவது என்று திருப்பித் தந்துவிட்டார். ரோஸ்லின் ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு புது ஆசிரியரிடமும் அதையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒருமுறையும் சிரிக்கவில்லை.

சந்தானம் கெட்டவர் அல்ல. தடியடிக்கு நடுவே நின்று படம் எடுத்தவர். ஆனால் ஃபிலிம் தண்ணீரில் ஊறும் நேரத்தில் அவர் எப்போதும் டீக்கடையில்தான் இருப்பார். அந்தப் பேட்டியிலும் சுருளைத் திருப்புவது பற்றி ஒரு சொல் இல்லை.

அதுதான் கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது. இப்போது ஐ.டி. வேலையில் இருக்கும் சிலர் அடுகோடிப் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, பழைய கேமராக்களோடு ஃபிலிம் கழுவுகிறார்கள். சந்தானத்தின் பழைய பேட்டியைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் கோடு. அவர்களில் கவின் என்பவர் என்னிடம் கேட்க, ரோஸ்லின் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

ரோஸ்லின் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சந்தானம் முறைதான் இது. கரெக்டா செஞ்சிருக்கீங்க" என்றார். கவினுக்கு ஒன்றும் புரியவில்லை. "கோடு விழுதே ஆன்ட்டி?"

"விழும். அவர் முறைன்னா விழும். என்னோடது வேணுமா?"

அடுத்த வாரமே கோடுகள் போய்விட்டன. மகிழ்ச்சியில், இனி சோடாத் தண்ணீரில் ஊறவைப்பது முழுவதுமே உங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறோம் என்றார் கவின். ரோஸ்லின் கோபித்துக்கொண்டார். "ஊற வைக்கிறது பழைய ஆளுங்க செஞ்சது. அது எனக்கு வேணாம். திருப்பி வச்சது நான். அதை யாருக்கும் விட மாட்டேன்."

வருகிற மாதம் அவர்களுடைய கண்காட்சி. ரோஸ்லினை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் கவின் தயங்கித் தயங்கிச் சொன்னார்: சந்தானம் பெயருக்குத்தான் கூட்டம் வரும் என்கிறார்களாம், படங்களுக்குக் கீழே வைக்கும் பலகையில் இருவர் பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். சேர்க்க வேண்டாம் என்றேன். சந்தானம் பெயர் வேண்டுமென்றால், அதன் மேலே கோடு விழுந்த படத்தை மாட்டுங்கள். கோடு இல்லாத படத்துக்குக் கீழே ஒரே பெயர். வேறு மாதிரி எழுதினால் திறப்பு விழாவன்று அந்தப் பலகைக்கு முன்னால் நான் நிற்பேன், வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்வேன்.

ரோஸ்லினிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவர் நின்றபடி சொன்ன அந்தத் திருத்தம். ஒரு சொல்லும் மறக்கவில்லை. எந்த ஆசிரியரும் வெளியிடாததை இங்கே வெளியிடுகிறேன்.

திருத்தம்: ஆடாத தண்ணீரில் ஃபிலிமை ஊறவைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. பாதியில் சுருளைத் தலைகீழாக்கி, கோடு விழாமல் கழுவும் முறை ரோஸ்லினுடையது. சந்தானம் எடுத்த படங்கள் சந்தானத்தினுடையவை.