மூன்று விரல் வரிகள்

மேஸ்திரி அகழாய்வில் வேலைக்குச் சேர்ந்தபோது தூபி வெறும் மண்மேடு. தோண்டத் தோண்டத்தான் உருவம் தெரிந்தது. உள்ளே சின்னதாக ஒரு மண்தூபி, அதைப் பொதிந்து செங்கல்லில் பெரியது ஒன்று, அதற்கும் மேலே இன்னொரு சுற்று. அங்கே இருந்த பௌத்தத் துறவிகள் போன பிறகு காடு மண்டிவிட்டது. பிற்பாடு ஊரார், பாலத்துக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக மேல்சுற்றை உருவிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மேஸ்திரி துடைத்த செங்கல்லில் மூன்று வரிகள் தெரிந்தன. பச்சை மண்ணில் யாரோ விரலால் இழுத்தவை. அவர் வீட்டில், அடுப்புக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்த இடத்தில் தினமும் பார்க்கிற அதே வரிகள்.

சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "அம்மா, இதே கல்லு எங்க வீட்லயும் இருக்குங்க! எங்க தாத்தா கட்டின சுவரு" என்றார், ஆய்வை நடத்தும் அதிகாரியம்மாவிடம்.

அந்தம்மா வந்து பார்த்தார். அடுத்த மாதமே வீட்டைப் பிரிக்க உத்தரவு வந்தது. அந்தக் கற்கள் புராதனப் பொருளாம்.

"ஊர்ல பாதி வீடு அந்தக் கல்லுதான்" என்றாள் மனைவி. "எல்லாரும் பூசி மறைச்சுட்டு கமுக்கமா இருக்காங்க. நீங்கதான் வெத்தல பாக்கு வைக்காத குறையா கூப்பிட்டுக் காட்டினீங்க!"

"கல்லு தூபிக்குத்தானே திரும்பிப் போகுது?"

"அப்ப அங்கயே போய்ப் படுங்க." பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எதிர்வீட்டுக்காரன் அவசரமாகச் சுவருக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தான். "மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தம்மாவை இந்தப் பக்கம் மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க."

கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. உளியை எடுத்துத் தானே பிரித்தார். ஒரு கல்லும் உடையவில்லை. எல்லாம் தூபியடிக்கு வந்து சேர்ந்ததும் கேட்டார்: "எந்தப் பக்கத்துல இருந்து வைக்க ஆரம்பிக்கலாம்மா?"

அந்தம்மா தயங்கினார். "வைக்க முடியாது மேஸ்திரி. எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் திரும்ப வைக்கலாம். இதுக்கு அத்தாட்சி இல்ல. ஓரமா அடுக்கிடுங்க, தார்ப்பாய் போட்டுடலாம்."

முதல் மழையிலேயே தார்ப்பாய் கிழிந்தது. கருவிகள் போடும் கொட்டகையில் படுத்திருக்கும் மேஸ்திரி, காலையில் எழுந்ததும் அதை இழுத்துவிடுவார். மேலடுக்கில் அடுப்புக்கரி படிந்த கற்கள் இருக்கின்றன. அவை மட்டும் எங்கே இருந்தவை என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த இடத்தில் இப்போது எதிர்வீட்டுக்காரன் வண்டியை நிறுத்துகிறான்.