சொட்டு நிற்கும் இடம்

எழுபதுகளின் கடைசியில் அம்பகரத்தூர் சாலையில் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. டீசல் எஞ்சின் வேலை மட்டும்தான் எடுப்பேன். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்று லாரிக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். பொய்யில்லை. ஒரு நட்டு கீழே விழுந்தால்கூட அந்த நட்டின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டுத்தான் குனிவேன்.

ஒரு பங்குனி மாதம், மண்டபத்தூரிலிருந்து மீன் ஏற்றும் பழைய ஆறு சிலிண்டர் லாரி ஒன்று டைமிங் செயின் தேய்ந்து வந்து நின்றது. வண்டிக்குச் சொந்தக்காரர் தை மாதம்தான் மாரடைப்பில் போயிருந்தார். கூடையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி வண்டியையும் ஏற்றுக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். கும்பகோணத்து வியாபாரி ஒருவருடைய லோடுதான் அந்த வண்டிக்குப் பிழைப்பு. செவ்வாய்க்கிழமை விடியற்காலை வண்டி கரையில் நிற்காவிட்டால் வேறு வண்டியை நிரந்தரமாகப் போட்டுக்கொள்வேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

செயின் மாற்றும்போது டீசல் பம்பையும் கழற்றி மாட்ட வேண்டும். பம்பு டீசலை அடிக்கும் நேரம் கொஞ்சம் முந்தினால் எஞ்சின் இடிக்கும். நிறையத் தப்பினால் ஸ்டார்ட்டே ஆகாது. அதனால் கழற்றும் முன், பம்பை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு பாதிகளிலும் எதிரெதிரே சிவப்புப் பெயிண்டால் புள்ளி வைப்பேன். மாட்டும்போது புள்ளிக்கு நேரே புள்ளி வந்தால் வேலை முடிந்தது. புதுச் செயின் போட்டால், பம்பிலிருந்து ஒழுகும் டீசல் சொட்டு நிற்கும் இடம் பார்த்துத்தான் டைமிங் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் சோம்பேறி.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி, புள்ளியோடு புள்ளி சேர்த்து, டிரைவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. அடித்து அடித்துப் பேட்டரிதான் இறங்கியது. அதைச் சார்ஜ் போட டிரைவர் காரைக்காலுக்கு எடுத்துப் போனார். நான் செயினைத் திட்டினேன், விற்ற கடைக்காரரைத் திட்டினேன், முன்மூடியை மறுபடி கழற்றினேன். உள்ளே செயினில் ஒரு பல்கூடத் தப்பவில்லை. மூடியைப் பூட்டிவிட்டுச் சந்தேகத்தோடு பம்புப் பக்கத்துப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் சிவப்பு ஒட்டியது. காய்ந்த பெயிண்ட் ஒட்டாது. அது குங்குமம்.

இறந்துபோன அக்காவின் கணவர் ஆயுத பூஜைக்கு ஜாக்கி, ஸ்பானர்வரை பொட்டு வைக்கிறவர். சும்மா உட்கார மனமில்லாமல் காலையிலிருந்து கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தவர் அக்கா.

“என்னக்கா வேலை பாத்து வச்சிருக்கீங்க? நான் வச்ச பெயிண்ட அழிச்சிட்டு, இந்தக் குங்குமத்த விட்டு வச்சிருக்கீங்க! தொடச்சா மொத்தமாத் தொடச்சுத் தொலைக்க வேண்டியதுதான?”

“அடையாளம்னு தெரியல தம்பி. அந்தப் புள்ளிக்கு அடியில சந்தனம் இல்ல, அதனால ஏதோ பெயிண்டு சிந்தியிருக்குன்னு சுரண்டிட்டேன்.” கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “இது அவரு வச்ச பொட்டு. எனக்கு ஊரே கூடி அழிச்சிட்டாங்க. வண்டிக்கும் நானே அழிக்கணுமா?”

தப்பு என் சோம்பேறித்தனத்தில் இருக்க, வாயை அந்த அம்மாளிடம் காட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. “செத்த வாங்கக்கா, இந்த ஹேண்டிலப் புடிங்க” என்றேன்.

முன்னாலிருந்து எஞ்சினைச் சுற்றும் இரும்புக் கைப்பிடி அது. ஆண்களே முனகுவார்கள். மீன்கூடை சுமந்த தோள் அவருக்கு, முனகவில்லை. முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்க, முன் புல்லியில் இருந்த கோடு, எஞ்சினில் அதற்கு எதிரே நீட்டியிருந்த முள்ளுக்கு நேரே வந்ததும் நிறுத்தச் சொன்னேன். பம்பின் முதல் குழாயைக் கழற்றி, அதனுள்ளிருந்த வால்வை எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாய் ஒன்றை மாட்டினேன். டீசல் ஒழுகியது. பம்பை இம்மி இம்மியாகத் திருப்ப, ஒழுக்கு சொட்டாகி, சொட்டும் நின்றது. பம்பு அடிக்கத் தொடங்கும் இடம் அதுதான். கப்ளிங்கை முறுக்கினேன். பொட்டு, எஞ்சின் பக்கம் மிஞ்சியிருந்த என் பெயிண்ட் புள்ளியிலிருந்து நாலு விரல் தள்ளி உட்கார்ந்திருந்தது.

“இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்கக்கா. கடைசியில மெதுவா. கோடு முள்ளுகிட்ட வந்ததும் சொல்லுங்க.”

நான் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “வந்திடுச்சு” என்று அவரும் “நின்னிடுச்சு” என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இனி யாரும் அழிக்க முடியாதபடி, பொட்டில் படாமல், கப்ளிங்கின் குறுக்கே உளியால் ஒரு கோடு வெட்டினேன். பொழுது சாயும் நேரம் பேட்டரி வந்தது. முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. விடியற்காலை வண்டி கரையில் நின்றது, லோடும் கைவிட்டுப் போகவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டி திரும்ப வந்தது. ரிப்பேர் எதுவும் இல்லை. மழையிலும் சூட்டிலும் பழைய பொட்டு தானாகவே போயிருந்தது. அக்கா ஒரு குங்குமப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

“நான் வைக்கக்கூடாதுன்னு சொல்றாங்க. நீங்க வச்சு விடுங்க தம்பி.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எவன் சொன்னான்? அன்னைக்கு ஹேண்டில் சுத்த எவன் வந்தான்? ஒங்க வண்டி, நீங்க வைங்கக்கா.”

அவர் சாலையை ஒரு முறை பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கச் சொல்லி, கப்ளிங்கில் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

“ஒங்க கோட்டுல படாம வச்சிருக்கேன். பாத்துக்குங்க” என்றார்.