அடுப்படியில் எரிந்த பச்சை விளக்கு

லப்பைக்குடிக்காட்டில் இருக்கிறேன். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். லேப்டாப்பை அடுப்படி மேடையில் வைத்து, வீடியோ காலில் அவரோடு பேசிக்கொண்டேதான் சமைப்பேன். அவர் கூப்பிட்டால் மகள் எடுத்துவிட்டுப் போவாள். கேமராவின் பச்சை விளக்கு எரிந்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அன்று மீன் கழுவிக்கொண்டே திரும்பினேன், விளக்கு எரிந்தது. கை வேலையில் திரையைக் கவனிக்கவில்லை. தலையில் முக்காடுகூட இல்லை, அவர்தானே! மகளின் மாப்பிள்ளைப் பேச்சில் தொடங்கி, கணவரிடம் மட்டுமே சொல்லக்கூடியதையெல்லாம் கொட்டினேன். பதில் இல்லை. சிக்னல் சரியில்லை போல என்று நினைத்தேன்.

அப்போது செல்போன் அடித்தது. அவர்தான்.

"இப்பத்தான் வேலை முடிஞ்சு பஸ் ஏறுனேன். ரூமுக்குப் போயிட்டு கூப்புடுறேன்."

"யா அல்லாஹ்! அப்ப நான் இவ்வளவு நேரம் யாருகிட்ட பேசுனேன் மச்சான்?"

விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. மீன் கையோடு லேப்டாப்பைப் படாரென்று மூடினேன்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் என் நாத்தனார் வந்து பார்த்தாள். "விண்டோஸ் யாரு போட்டா மதினி?"

"கடையில சும்மா போட்டுக் குடுத்தாங்க."

"இது திருட்டு காப்பி. கூடவே உளவு பாக்குற புரோகிராமும் ஏறியிருக்கு. ஒண்ணு, காசு குடுத்து ஒரிஜினல் வாங்குங்க. இல்லாட்டி விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கங்க, அத செஞ்சவங்களே இலவசமாத்தான் தராங்க."

லினக்ஸே போடச் சொன்னேன். பழகக் கொஞ்சம் திணறினேன், இப்போது சிரமமில்லை. கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். அவர் குரல் கேட்ட பிறகே அதை உரிக்கிறேன்.

"அன்னைக்கு அப்படி என்னதான் சொன்ன?" என்று இன்றும் கேட்கிறார். அவரிடம் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு அத்தனையும் தெரியும்.